எச்சரிக்கை: ரிப்போர்ட் சர்வர் போட்டுத் தருகிறோம் என்று 18,500 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிப் போனார்கள்

நேற்று இரவு தூங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன், விடக்கூடாது. பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் எங்களைப் போலச் சின்ன வியாபாரம் செய்கிற நம்மவர்கள் பலர் கடைக் கணக்கைப் போனில் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. நடந்ததை முதலில் சொல்கிறேன். ஆள் பிடிப்பதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். லெபோ பாசாரில் கடை, பிறையில் கிடங்கு. பினாங்கிலும் கெடாவிலுமாக 400-க்கு மேற்பட்ட கடைகளுக்குக் கடனில் சரக்கு போகிறது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது கிடங்கில் இருக்கிற பில்லிங் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு 68 வயது. கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எனக்குப் போன் போடுவார். "அந்தச் சுங்கை பட்டாணிக்காரருக்கு எவ்வளவும்மா நிக்குது?" இதை அவரே போனில் பார்த்துக்கொண்டால் எவ்வளவு நல்லது என்று பேச்சை ஆரம்பித்தது நான்தான்.

கோயில் கமிட்டியில் அப்பாவுக்குப் பழக்கமான ஒருவர் கைகாட்டிய ஆள் அவர். மாடிக் கடையில் நடக்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனி. பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. வந்த அண்ணன் நல்லபடியாகப் பேசினார். தே தாரிக் வாங்கிக் கொடுத்தோம். எங்கள் டெலிவரி ஆர்டர் தாளைத் திருப்பிப் போட்டு இரண்டு கட்டம் வரைந்தார். முதல் கட்டத்தில் ரிப்போர்ட் சர்வர், நாம் போனில் திறக்கிற பக்கம் அங்கிருந்துதான் வரும். இரண்டாவது கட்டத்தில் டேட்டாபேஸ், அதாவது கணக்கு. இரண்டுக்கும் நடுவில் தடித்த கோடு ஒன்று போட்டு, அதன்மேல் பேனாவை இரண்டு தடவை ஓட்டினார்.

"இதான் ஃபயர்வால், தங்கச்சி, வேண்டாதத உள்ள விடாத தடுப்பு. முன்பக்கத்த எவனாச்சும் ஒடச்சாக்கூட கணக்கு வேற பெட்டியில, வேற கம்ப்யூட்டர்ல இருக்கு. அந்தப் பெட்டிக்கு வெளி இணையமே தெரியாது. ரிப்போர்ட் சர்வர் மட்டும், ஒரே ஒரு போர்ட், அதாவது நம்பர் போட்ட ஒரு கதவு வழியா, அதுக்குன்னு வச்ச தனி யூசர்ல போய்ப் படிக்கும். எழுதக்கூட முடியாது."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ரிப்போர்ட் மென்பொருளை இப்படித்தான் பிரித்துப் போட வேண்டும் என்று இப்போது விசாரித்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதுதான் வயிறு எரிகிறது. தெரியாமல் செய்துவிட்டார் என்றால் மன்னித்திருப்பேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று எங்கள் கண்முன்னால் வரைந்து காட்டிவிட்டு, அதில் எதையுமே செய்யாமல் போயிருக்கிறார்.

விலை 18,500 வெள்ளி. இரண்டு பெட்டிக்கு 5,200. டேட்டாபேஸை ஓட்டுகிற மைக்ரோசாப்ட் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வருக்கு லைசன்ஸ் இரண்டு, 8,800. பொருத்துவதற்கும் பாதுகாப்பு அமைப்புக்கும் 4,500. லைசன்ஸ் எதற்கு இரண்டு என்று கேட்டேன். ரிப்போர்ட் பக்கத்தைத் தருகிற மென்பொருளான ரிப்போர்ட்டிங் சர்வீசஸை டேட்டாபேஸ் இருக்கிற பெட்டியிலேயே போட்டால் ஒரு லைசன்ஸ் போதும், தனிப் பெட்டியில் போட்டால் அதற்கும் தனியாக வாங்க வேண்டும் என்றார். அதுவும் உண்மைதான், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பாதிப் பணம் 9,250 அன்றைக்கே கொடுத்தோம்.

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் ஒப்படைத்தார்கள். அந்த நாளை நினைத்தால்தான் இன்னும் தாங்கவில்லை. கடையில் அப்பாவின் போனை வாங்கி, விலாசத்தை அடித்து, கையில் கொடுத்தார் அந்த அண்ணன். அன்று காலை வரைக்குமான பாக்கிப் பட்டியல், கடை வாரியாக, ஊர் வாரியாக. அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அலோர் ஸ்டார்கூட இருக்கும்மா" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன், மீதி 9,250 வெள்ளியை போனில் பணம் அனுப்புகிற டுயிட்நவ்வில் அங்கேயே அனுப்பினேன்.

ஒன்று மட்டும் கேட்டேன். போனில் விலாசத்துக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பானது இல்லை' என்று ஆங்கிலத்தில் காட்டுகிறதே, ஏன்? "அது குரோமோட தொல்லை தங்கச்சி, எல்லாத்துக்கும் அப்படித்தான் காட்டும்" என்று சிரித்தார். அது தொல்லை இல்லை. போய் வருவதைப் பூட்டி அனுப்புவதற்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ் போடவே இல்லை என்று அந்தப் போன் எனக்குச் சொல்லியிருக்கிறது. நம் பெயரும் பாஸ்வேர்டும் பாக்கிக் கணக்கும் மூடாத தபால் அட்டை மாதிரி இணையத்தில் போய் வந்திருக்கின்றன.

ஆறு மாதம் ஓடியது. போன திங்கட்கிழமை காலை பக்கம் திறக்கவில்லை. தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் எடுக்கிற நேரம், யாருக்குக் கொடுக்கலாம் யாருக்கு நிறுத்தலாம் என்று பார்க்காமல் லாரி கிளப்ப முடியாது. கம்பெனிக்கு அடித்தேன். "டிக்கெட் போட்டாச்சு, எஞ்சினியர் கூப்பிடுவார்" என்றாள் அங்கிருந்த பெண். கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த அண்ணனையே பிடித்தேன். "ஈப்போவுல சைட்ல இருக்கேன் தங்கச்சி, சாயந்தரம் பாக்குறேன்." சாயந்தரம் வாட்சப்பில் நீல டிக் இரண்டு விழுந்தது, பதில் விழவில்லை. புதன்கிழமை தங்கச்சி போய் மேடம் ஆகிவிட்டேன். "வாரண்டி 90 நாள் மேடம், முடிஞ்சிருச்சு. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு." அப்புறம், "புதுசா போட்டுத் தரணும்னா 3,500 ஆகும்."

18,500 வெள்ளி வாங்கியவர், மேலும் 3,500 கேட்கிறார்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஐடி வேலை பார்க்கிற என் அக்கா மகனை வியாழன் இரவு கிடங்குக்கு வரச் சொன்னேன். மல்லி மூட்டைகளுக்குப் பின்னால் மேசை மேல் இரண்டு கறுப்புப் பெட்டிகள். ஒன்றில் 'ரிப்போர்ட்' என்று ஸ்டிக்கர், இன்னொன்றில் 'டேட்டாபேஸ்' என்று ஸ்டிக்கர். திரையை மாட்டிப் பார்த்தவன் ஐந்து நிமிடத்தில் திரும்பினான்.

"சின்னம்மா, இது சோதனைப் பதிப்பு. 180 நாள்தான் ஓடும், அப்புறம் தானா நின்னுரும். மைக்ரோசாப்ட் காசில்லாம குடுக்கறது. யாரு வேணும்னாலும் டவுன்லோட் பண்ணிக்கலாம்."

லைசன்ஸுக்கு 8,800 வெள்ளி. இன்வாய்ஸ் என் கையில் இருக்கிறது.

அடுத்து 'டேட்டாபேஸ்' பெட்டியைத் திறந்தான். அதில் விண்டோஸைத் தவிர ஒன்றுமே இல்லை. எஸ்க்யூஎல் சர்வர் அதில் ஏற்றப்படவே இல்லை. விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, நீல வயர் சொருகியிருக்கிறது. ஆறு மாதமாகத் தினமும் காலையில் நான் அந்தப் பெட்டியின் மேல் தூசி தட்டியிருக்கிறேன். ரிப்போர்ட், டேட்டாபேஸ் எல்லாம் முதல் பெட்டியிலேயே ஒன்றாகக் கிடக்கின்றன. நடுவில் கோடு போட்டுக் காட்டினாரே, அந்த ஃபயர்வால், அது எங்கேயும் இல்லை.

இதுவரைக்கும் பணம்தான் போனது என்று நினைத்தேன். பிறகு அவன் ரூட்டருக்குள் போய்ப் பார்த்தான். வெளியிலிருந்து மூன்று போர்ட்கள் திறந்துவிடப்பட்டு நேராக அந்த ஒரே பெட்டிக்குப் போகின்றன. 80, ரிப்போர்ட் பக்கத்துக்கு. 3389, ரிமோட் டெஸ்க்டாப், அவர்கள் ஆபீசில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்க வசதியாக. மூன்றாவது 1433. அது டேட்டாபேஸின் சொந்தக் கதவு. வெளி இணையத்தில் எந்தக் காரணத்துக்கும் திறக்கக்கூடாத போர்ட் அது. ரிப்போர்ட்டுக்குத் தனி யூசர் என்றாரே, அதுவும் இல்லை. 'எஸ்ஏ' என்கிற தலைமை யூசரையே வைத்திருக்கிறார்கள், எல்லா அதிகாரமும் உள்ள யூசர். பாஸ்வேர்டு எங்கள் கடைப் பெயரும் 123-உம்.

பதிவுக் கோப்பைத் திறந்து காட்டினான். எஸ்ஏ யூசருக்கு லாகின் தோல்வி, எஸ்ஏ யூசருக்கு லாகின் தோல்வி, பிழை எண் 18456. கீழே தள்ளத் தள்ள அதே வரி. நொடிக்கு நொடி, எங்கெங்கோ இருக்கிற முகவரிகளிலிருந்து பாஸ்வேர்டை அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார்கள். யாராவது உள்ளே வந்துவிட்டார்களா என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அமைப்பை மாற்றாமல் விட்டால் எஸ்க்யூஎல் சர்வர் தோல்வியை மட்டும்தான் எழுதிவைக்கும், வெற்றியை எழுதாது என்றான்.

அந்தப் பட்டியலில் 400-க்கு மேற்பட்டவர்களின் பெயர், போன் நம்பர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், பாக்கி எல்லாம் இருக்கிறது. கடன் கொடுப்பதற்காக ஐசி நகலை அப்பாவை நம்பிக் கொடுத்தவர்கள். சிலர் அப்பாவோடு முப்பது வருஷப் பழக்கம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் போட்டது, 2013-இலிருந்தே நடப்பில் இருக்கிறது. 2025 ஜூன் முதல், பெரிய பாதிப்பு வரக்கூடிய கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். படம் வரைந்தவர் ஈப்போவில் சைட்டில் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மாடிக் கடைக்கு நேரிலேயே போனேன். இரண்டாவது பெட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "அது பேக்கப்புக்கு மேடம்" என்றார். பேக்கப் எங்கே என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா மகன் சொல்லியனுப்பியிருந்ததால் இன்னொன்றும் கேட்டேன், குறியாக்கச் சாவியின் நகல். ரிப்போர்ட் சர்வர் தனக்குள் வைத்திருக்கிற பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரு சாவியால் பூட்டி வைக்கும். அந்தச் சாவியைக் கோப்பாக எடுத்து, அதற்கொரு பாஸ்வேர்டு போட்டு, வேறு இடத்தில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு சர்வருக்கு மாற்றும்போது பூட்டியதைத் திறக்க முடியாது, அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். அங்கிருந்த பையனுக்கு அந்த வார்த்தையே புதிதாக இருந்தது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். அது சொந்தத் தேவைக்கு வாங்கியவர்களுக்கு மட்டும், வியாபாரத்துக்கு வாங்கியதை எடுக்க மாட்டார்கள். சிறு வழக்கு என்றால் 5,000 வெள்ளி வரைக்கும்தான். 18,500 வெள்ளிக்கு வக்கீல் வைத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். போடுவோம். கம்ப்யூட்டர் பாதுகாப்புப் புகார்களை வாங்குகிற சைபர்999-க்குத் தகவல் கொடுத்தாகிவிட்டது, போலீஸ் ரிப்போர்ட் நாளைக்கு.

என்ன கேட்க வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன், விரிவாக எழுத இப்போது நேரமில்லை. அவசரத்தில் இவ்வளவுதான். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் வெளி ஆள் ஒருவரை, வேறு கம்பெனியாக இருந்தாலும் நூறு இருநூறு கொடுத்து, ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். டேட்டாபேஸ் பெட்டியின் வயரை ஒப்படைக்கிற அன்றே உருவிப் பாருங்கள், ரிப்போர்ட் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்தப் பெட்டி சும்மா இருக்கிறது. லைசன்ஸ் உங்கள் கம்பெனி பெயரில் இருக்கிற தாளைக் கையில் வாங்குங்கள். ரூட்டரின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும், 1433-உம் 3389-உம் வெளியே திறந்திருந்தால் அன்றைக்கே மூடச் சொல்லுங்கள். சாவிக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்பு இல்லை என்று போன் காட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த டெலிவரி ஆர்டர் தாளை அப்பா இன்னும் கல்லாப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார், வழக்குக்கு வேண்டும் என்று. நாங்கள் மூன்று பேரும் காலையிலிருந்து ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டு, உங்கள் ஐசி நம்பர் வெளியே போயிருக்கலாம், வங்கியிலிருந்து என்று யார் கூப்பிட்டாலும் நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்னும் இருநூறு பேருக்கு மேல் பாக்கி இருக்கிறார்கள்.