டிக்கி விங்கா, முன் லிப்பா? நம்ம ஊர் ரோட்டில் எது உதவும்

தேவகோட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகன், என் தம்பி முறை, ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்230 கார் வைத்திருக்கிறான். 230 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம். பழைய வண்டியாக வாங்கினாலும் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறான். போன மாதம் இரண்டு படங்களை அனுப்பி, "அண்ணே, இதுல எதைப் போடட்டும்?" என்று கேட்டான். ஒன்று, டிக்கி மேல் உயரமாக நின்று, காற்றின் விசையால் வண்டியைக் கீழே அழுத்தும் விங். மற்றது, முன் பம்பருக்கு அடியில் ஓடுகிற கறுப்பு லிப். கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் வரும்.

எந்த வேகத்தில் ஓட்டப்போகிறான் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் வளரும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அதனால் முதலில் விங்குக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1.4 மீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம், அதாவது கால் சதுர மீட்டர். நல்ல வடிவம், சரியான கோணம், தடையில்லாத காற்று எல்லாம் அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது கீழே அழுத்துவது சுமார் ஏழரைக் கிலோ. 100-இல் 12 கிலோ. 160-இல் 30. 200-ஐத் தொட்டால் 47.

வண்டியின் எடை ஏறத்தாழ 1,400 கிலோ. 100-இல் கிடைக்கும் 12 கிலோ அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. திருமயம் தாண்டி காரைக்குடி வரும் ரோட்டில், ஆடுகளும் டவுன்பஸ்ஸும் குறுக்கே வராத நேரத்தில்கூட, அந்த ஒரு சதவீதத்தை ஸ்டீயரிங் பிடித்திருக்கும் கை உணராது.

இதுவும் காற்று தடையில்லாமல் வந்தால் போடுகிற கணக்குதான். ஒரு ஞாயிறு விடியற்காலையில் என் செடான் காரின் பின்கண்ணாடியிலும் டிக்கியிலும் கம்பளி நூல்துண்டுகளை வரிசையாக ஒட்டி, தம்பியைப் பின்னால் இன்னொரு காரில் வரச்சொல்லிப் படம் பிடித்தோம். கண்ணாடியின் மேல்பாதியில் நூல்கள் நேராகப் படிந்திருந்தன. கீழே வரவர, இரண்டு ஓரங்களிலும் சுழன்றன. டிக்கிக்கு மேலே காற்று சரிவாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தாழ்வாக ஒரு விங்கை வைத்தால் அதன் கோணமே மாறிப்போகும். பந்தயக் கார்களில் விங்கை அவ்வளவு உயரத்தில் நிறுத்துவது கூரையைத் தாண்டி வரும் நல்ல காற்றைப் பிடிப்பதற்காக.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. இது முன்சக்கர இயக்க வண்டி. திருப்புவதும் இழுப்பதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்டயர்களின் வேலை. விங்கோ பின் அச்சுக்கும் பின்னால், ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் 2.7 மீட்டர். சீசா பலகையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புகிற அதே சங்கதிதான். விங்கில் 30 கிலோ அழுத்தினால் முன்சக்கரங்களிலிருந்து சுமார் 10 கிலோ எடை குறைந்துவிடும். ஏற்கெனவே வேகமான வளைவில் மூக்கு வெளியே போகப் பார்க்கிற வண்டிக்கு, அதே குணத்தைக் காசு கொடுத்து வளர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விங் போடுவதென்றால் முன்னாலும் அதற்கு ஈடாக ஒன்று வேண்டும்.

விங்கே வீண் என்று நான் சொல்லவில்லை. 1970-களின் தொடக்கத்தில் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7-இன் பின்பக்கத்தில் வாத்துவால் மாதிரி எழும்பிய சின்ன ஸ்பாய்லர், பின்பக்கம் தூக்குவதை உண்மையிலேயே குறைத்தது. முதல் தலைமுறை ஆடி டிடி கார் வந்த புதிதில் ஜெர்மனியில் அதிவேக விபத்துகள் நடந்தன. ஆடி வண்டிகளைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டோடு ஒரு சிறு ஸ்பாய்லரையும் சேர்த்தது. இன்றைய 911 ஜிடி3 ஆர்எஸ் 285 கிலோமீட்டர் வேகத்தில் 860 கிலோ கீழழுத்தம் தருகிறது. ஆனால் அதில் முன்விங், அடிப்பகுதி, பின்விங் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி உருவாக்கப்பட்டவை. தம்பி கேட்டது டிக்கித் தகட்டில் நான்கு போல்ட் போட்டு மாட்டுவது. 1969-இல் ஸ்பெயினின் மோன்ட்யூயிக் பந்தயத்தில் லோட்டஸ் அணியின் இரண்டு கார்களிலும் உயரமான விங் முறிந்து, இரண்டுமே மோதின. சில நாளில் மொனாக்கோவில் உயர்ந்த விங்குகளைத் தடை செய்தார்கள். ஃபார்முலா ஒன் பொறியாளர்கள் பொருத்தியதற்கே அந்தக் கதி என்றால், மெல்லிய தகட்டில் நம்ம ஊர்ப் பள்ளங்களின் குலுக்கல் தினமும் விழும்போது என்னவாகும் என்று யோசிக்கத்தானே வேண்டும்?

சரி, லிப்புக்கு வருவோம். காரின் அடிப்பகுதி கரடுமுரடானது. எக்ஸாஸ்ட் குழாய், சஸ்பென்ஷன் கைகள், இடைவெளிகள் என்று காற்று தட்டித் தடுமாறும். லிப் அங்கே போகும் காற்றைக் குறைக்கிறது. முன்பக்கம் மேலே தூக்கப்படுவது குறையும். அளவு சரியாக இருந்தால் காற்றுத்தடையும் கொஞ்சம் குறையலாம். விங் எப்படியும் தடையைக் கூட்டத்தான் செய்யும். முன்டயருக்கு உதவுவதால் இந்த வண்டிக்குப் பொருத்தமும் லிப்தான். காற்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நான் லிப் பக்கம்.

ஆனால் காற்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லையே. செட்டிநாட்டு வீடுகள் தெருமட்டத்திலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டப்பட்டவை. கார் கொட்டகைக்குள் ஏற ஒரு சரிவு இருக்கும். என் பழைய வண்டியில் ஃபைபர் லிப் போட்டிருந்தேன். மூன்றாவது மாதம், எங்கள் வீட்டுச் சரிவிலேயே அது இரண்டாகப் பிளந்தது. ஊருக்கு ஊர் இருக்கிற வேகத்தடைகளைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் லிப் என்றால் வளைந்து கொடுக்கிற ரப்பர் லிப், இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்காதது, திருகாணியில் மாட்டியது. வெறும் ஒட்டுப்பட்டையில் நிற்பது நம்ம வெயிலுக்குத் தாங்காது.

கூரையின் பின்விளிம்பில் ஒட்டுகிற சுறாத்துடுப்புகளையும் அவன் கேட்டான். மிட்சுபிஷி பொறியாளர்கள் லான்சர் எவல்யூஷனில் இதைச் சோதித்து 2004-இல் எழுதினார்கள். காற்றுத்தடை எண் 0.006 மட்டுமே குறைந்தது. நம் வண்டியில் அதே பலன் கிடைத்தாலும், 100 கிலோமீட்டர் வேகத்தில் தடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல் குறையும், அவ்வளவுதான். அதுவும் காற்று பிரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், சரியான உயரத்தில் வைத்தால்தான்.

வண்டிக்கு அடியில் வரும் காற்றைச் சீராக வெளியேற்றுவதற்காகப் பின்பம்பரின் அடியில் ஒட்டும் டிஃப்யூசர் துடுப்புகளுக்கு நீளமாகப் பேச வேண்டியதில்லை. கானாடுகாத்தான் வீடு ஒன்றில் வாசலில் நின்றால் முற்றம் தாண்டிப் பின்கட்டுக் கதவுவரை நேராகத் தெரியும். அந்தத் தடையில்லாத பாதையால்தான் காற்று ஓடுகிறது. நடுவில் எல்லாம் சாமான் அடைத்துவிட்டு, பின்கதவை மட்டும் அழகாக்கினால் காற்று வராது. அடிப்பகுதி தட்டையாக இல்லாத காரில் டிஃப்யூசரும் அப்படியே.

இன்னொன்றையும் தம்பியிடம் சொன்னேன். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. டிக்கிக்கு வெளியே கூராக நீட்டிக்கொண்டிருக்கும் விங் பைக்கில் வருகிறவரைக் கிழிக்கும். போடுமுன் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் அவன் பந்தயத்தளத்துக்குப் போகிற ஆசையைச் சொன்னான். அங்கே கணக்கு கொஞ்சம் மாறும். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளம் 3.7 கிலோமீட்டர், வேகமான வளைவுகளில் விங்குக்கு வேலை உண்டு. கோவை செட்டிபாளையத்தின் கரி தளம் 2.1 கிலோமீட்டர்தான், வேகம் ஏறுவதற்குள் அடுத்த பிரேக் வந்துவிடும். முதல்முறை போகிறவன் கரிக்குத்தான் போவான். அங்கே நேரத்தைக் குறைக்கப்போவது நல்ல டயர், பிரேக் பேட், கொதிநிலை உயர்ந்த பிரேக் ஆயில். டயரின் பிடி 20 கிலோமீட்டர் வேகத்திலும் இருக்கும், மழையிலும் இருக்கும். விங்கின் விலைக்கு இரண்டு நல்ல முன்டயர் வரும் என்று விலைப்பட்டியலை எடுத்துக் காட்டினேன்.

"அப்ப லிப்?" என்றான்.

"ரப்பர்ல, சின்னதா. முதல்ல டயர் போடு. வீட்டுச் சரிவுல ஒரு தடவை மெதுவா ஏத்தி, பம்பருக்கும் தரைக்கும் எத்தனை விரல் இடம் இருக்குன்னு அளந்துட்டு வாங்கு."

நேற்று இரவு படம் அனுப்பியிருந்தான். சரிவில் பாதி ஏறிய வண்டி, பம்பருக்குக் கீழே அவன் கை. மூன்று விரல்.