பழைய காரை ரெஸ்டோரேஷன் கடையில் விடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

டெட்ராய்ட் வட்டாரத்தில் பழைய மசில் கார் (பெரிய இன்ஜின் வைத்த அறுபது, எழுபதுகளின் அமெரிக்க வேகக் கார்) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது 1969 போன்டியாக் ஜிடிஓ. 400 கன அங்குல வி8, 350 குதிரைத்திறன், நாலு கியர். அந்த வருஷ வண்டியில் வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண், 242 என்று தொடங்கினால்தான் அசல் ஜிடிஓ. 237 என்றால் லெமான்ஸ் என்ற சாதாரண போன்டியாக் மாடலுக்கு ஜிடிஓ வேஷம் கட்டியது. என் வண்டி அசல்தான்; பழைய போன்டியாக்குகளின் தயாரிப்புப் பதிவைத் தரும் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் வாங்கிய ஆவணமும் இருக்கிறது.

டிங்கரிங், பெயிண்ட் இரண்டுக்கும்தான் விட்டேன். பின்சக்கரத்துக்கு மேலும் பின்னாலும் இருக்கும் குவார்ட்டர் பேனல் துருப்பிடித்திருந்தது, பின் கண்ணாடியைச் சுற்றியும் அப்படியே. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்வதாகப் பேச்சு. ஆகஸ்ட் மாத வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்குள் (வுட்வர்ட் சாலையில் நடக்கும் பழைய கார் திருவிழா) கொடுத்துவிடுவோம் என்று சொல்லி முன்பணத்தைப் பெரிதாகக் கறந்தார்கள். இந்த ஊரில் அந்த ஒரு சனிக்கிழமையைச் சொன்னால் எவனும் பர்ஸைத் திறப்பான், அது அவர்களுக்கும் தெரியும். அப்புறம் நேரில் பார்க்க எப்போது கேட்டாலும் "பெயிண்ட் பூத்தில் இருக்கிறது, உள்ளே விட முடியாது". போனில் வந்த படங்களில் ஒன்று என் வண்டியே இல்லை. க்ரூஸ் முடிந்து, பில் ஏறி, பணம் கட்டினால்தான் வண்டி என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். கட்டித்தான் எடுத்துவந்தேன்.

வெயிலில் பார்க்கும்போது பளபளவென்றுதான் இருந்தது. முதல் குளிரில் முன் பம்பரில் பெயிண்ட் விரிசல் விட்டது. ஜிடிஓவின் முன் பம்பர் எண்டுரா என்ற பொருளில் செய்தது, ரப்பர் மாதிரி அமுங்கி மீளும். 1968-இல் வந்தபோது அதை அடித்துக் காட்டியே விளம்பரம் செய்தார்கள். அதற்கு வளையும் பட்டியும் (பள்ளத்தை நிரப்பும் பூச்சு), பெயிண்டில் கலக்க நெகிழ்வு தரும் மருந்தும் வேண்டும். இவர்கள் சாதாரண பட்டியை அப்பிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

சந்தேகம் வந்து ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி குவார்ட்டர் பேனலில் வைத்தேன். மேலே ஒட்டியது. சக்கரத்துக்குப் பின்னால், கீழ்ப்பக்கம் வைத்தால் நழுவி விழுந்தது. சுரண்டிப் பார்த்தால் விரல் தடிமனுக்குப் பட்டி, அதற்கு அடியில் அலுமினிய டேப், டேப்புக்குப் பின்னால் பழைய துரு அப்படியே. புதுத் தகட்டுக்குப் போட்ட பில் என் கையில் இருக்கிறது!

அதைவிட வயிற்றெரிச்சல் கார்புரேட்டர். இந்த வண்டியில் வரும் குவாட்ராஜெட் வகைக் கார்புரேட்டரில் ஓட்டுநர் பக்கம் செங்குத்தாக எண் அடித்திருக்கும். 1969 வண்டிக்கு அது 7029 என்று தொடங்க வேண்டும். இப்போது இருப்பது 170 என்று தொடங்குகிறது, அதாவது எழுபதுகளின் பிற்பாதியிலோ அதற்கு அப்புறமோ வந்த சரக்கு. பானெட் மேல் இருந்த அசல் டாக்கோமீட்டரும் (இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) போய், அந்த இடத்தில் புது நகல். நல்லவேளை, இன்ஜின் பிளாக்கைத் தொடவில்லை. இன்ஜின் முன்பக்க டைமிங் கவர் ஓரத்தில், பிளாக்கில் அடித்திருக்கும் 29P என்ற குறியும் (போன்டியாக், 1969, தொழிற்சாலை) வண்டியின் வரிசை எண்ணும் சரியாக இருக்கின்றன.

ஆகவே கடையில் விடுவதற்கு முன்னால் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், பிளாக் என்று எண் இருக்கும் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் படம் எடுத்துவிடுங்கள். பெயிண்ட் வேலைக்குத் தேவைப்படாத பாகங்களைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். பிரைமர் அடிக்கும் முன் வெறும் தகட்டை நேரில் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை என்று எழுதி வாங்குங்கள். மறுக்கிற கடை வேண்டாம். மிச்சிகனில் பழுதுபார்க்கும் கடை மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அதையும் முன்பே பார்த்துவிடுங்கள். நான் புகார் கொடுத்திருப்பதும் அங்கேதான்.

வண்டி வரும்போதே அந்தக் கார்புரேட்டர்தான் இருந்தது என்று கடைக்காரர் பதில் எழுதியிருக்கிறார். விடுவதற்கு முந்தின நாள் எடுத்த படத்தை, எண் தெரியும்படி, நேற்று விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன்.