சென்னை டு யாழ்ப்பாணம் ஃப்ளைட்: கொழும்பு சுத்தாம நேரா பலாலிக்கு

யாழ்ப்பாணம் போறவங்க இன்னும் நிறைய பேர் கொழும்புக்கு டிக்கெட் போட்டு அங்கேர்ந்து ரோட்ல மேல ஏறி வர்றாங்க, தயவுசெஞ்சு அப்படி போகாதீங்க. கொழும்பு ஏர்போர்ட் இருக்கற கட்டுநாயக்கால இறங்கி யாழ்ப்பாணம் வர்றதுன்னா 300 கிலோமீட்டருக்கு மேல, பஸ்ஸோ ரயிலோ ஒரு பகலோ ஒரு ராத்திரியோ அதுலயே போயிடும்.

யாழ்ப்பாணத்துக்கு ஏர்போர்ட் இருக்கறது பலாலில. சென்னையிலேர்ந்து அங்க நேர்கோட்டுல சுமார் 355 கிலோமீட்டர்தான். டிக்கெட்ல ஒண்ணேகால் மணி நேரம் போட்டிருக்கும். கொழும்பு இதவிட ரொம்ப தூரம், 645 கிட்ட வரும், ஆனா அதுக்கும் ஏறக்குறைய இதே நேரம்தான் போட்டிருப்பாங்க, ஏன்னா அங்க போறது ஜெட், பலாலிக்கு வர்றது ஏடிஆர் 72, ரெக்கைல ப்ரொப்பெல்லர் சுத்துற சின்ன ஃப்ளைட், அதோட வேகம் கம்மி. ப்ரொப்பெல்லர்னு பயப்பட வேணாம். சத்தம் கொஞ்சம் இருக்கும், அவ்ளோதான். எனக்கு இது ஜெட்ட விட பிடிச்சிருக்கு, ரெக்கை ஜன்னலுக்கு மேல இருக்கறதால கீழ மறைக்காது, உயரமும் கம்மி. போகும்போது வலது பக்க ஜன்னல் சீட் எடுங்க, வானம் தெளிவா இருந்தா நம்ம கரை கூடவே வரும், கோடியக்கரை தாண்டி கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் பனைமரமும் செம்மண்ணும் தெரிய ஆரம்பிச்சிடும். யுத்தத்தால இத்தன வருஷம் அடைஞ்சு கிடந்த வழி இது, 2019லதான் திரும்ப திறந்தாங்க, நடுவுல கொரோனாக்கு மறுபடி நின்னு 2022 டிசம்பர்லதான் ஓட ஆரம்பிச்சுது. இப்ப இண்டிகோ போகுது, 2024 செப்டம்பர்லேர்ந்து.

ஆனா ஒண்ணேகால் மணி நேரம்னு மட்டும் கணக்கு போடாதீங்க. இன்டர்நேஷனல்ங்கறதால சென்னைல மூணு மணி நேரம் முன்னாடியே போயிடணும், இமிக்ரேஷன் வரிசை எப்படி இருக்கும்னு சொல்லவே முடியாது. பலாலி ரொம்ப சின்ன ஏர்போர்ட், ஒரு ஏடிஆர்ல வர்ற எழுபது சொச்சம் பேர்தான் மொத்த கூட்டமே. அங்கேர்ந்து டவுன் பதினாறு பதினேழு கிலோமீட்டர், ஆட்டோல அரை மணி நேரத்துக்கு மேல. ஆக வீட்டு வாசல்லேர்ந்து வாசல் ஆறேழு மணி நேரம்னு வச்சுக்கோங்க. ரெண்டு ஊருக்கும் ஒரே டைம்தான், வாட்ச்ச மாத்த வேண்டியதில்ல.

குறைன்னா லக்கேஜ்தான், சின்ன ஃப்ளைட், எத்தன கிலோனு டிக்கெட்ல பாத்துட்டு பேக் பண்ணுங்க, சொந்தக்காரங்களுக்கு புடவை பலகாரம்னு மூட்டை கட்டுறவங்க முக்கியமா. ஆகஸ்ட்ல நல்லூர் திருவிழா சமயம் போறதா இருந்தா முன்கூட்டியே புக் பண்ணிடுங்க.

திருச்சி, தஞ்சாவூர் பக்கம் இருக்கறவங்க சென்னைக்கு வரவே வேணாம், 2025 மார்ச் கடைசிலேர்ந்து திருச்சிலேர்ந்தும் பலாலிக்கு விட ஆரம்பிச்சாங்க, தூரம் 185 கிலோமீட்டர் கிட்டதான். எந்தெந்த நாள் ஓடுதுன்னு மட்டும் பாத்துட்டு போடுங்க. நாகப்பட்டினத்துலேர்ந்து யாழ்ப்பாணம் பக்கத்துல இருக்கற காங்கேசன்துறைக்கு கப்பலும் இருக்கு, நாலு மணி நேரம் ஆகும், கடல் ஒத்துக்கறவங்களுக்கு அதுவும் நல்லாதான் இருக்கும்.