அம்பாசிடர் ஹெட்: இருப்பதைச் சீராக்குவதா, எம்.ஜி.பி. ஹெட் மாட்டுவதா?

1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் ஹெட்டை, அதாவது வால்வுகள் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் மேல்மூடியை, கழற்றியதும் இரண்டு யோசனை வரும். உள்ள ஹெட்டிலேயே கெட்டி வால்வு சீட் (வால்வு வந்து மூடி உட்காரும் கெட்டி இரும்பு வளையம்) அடித்து ஓட்டலாம், இல்லையென்றால் எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் ஹெட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டலாம். இரண்டு இன்ஜினும் பிரிட்டனின் பி.எம்.சி. கம்பெனியுடைய பி சீரிஸ் வம்சம்தான். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடை ஹெட்டை மூன்றாவது வழி என்பவர்கள் உண்டு, ஆனால் அதுவும் கடைசியில் லேத்துக்குத்தான் போகும், அதனால் முதல் வழியோடு சேர்த்துவிடுகிறேன். நான் அந்த முதல் வழிக்காரன், சார்பு இருக்கும்.

பவர் என்று பார்த்தால் எம்.ஜி.பி. ஹெட்தான், பேச்சே இல்லை. வால்வு பெரிது, இன்ஜின் நன்றாக மூச்சு விடும். ஆனால் அது 1798 சிசிக்கு வார்த்தது. அதன் போர், அதாவது சிலிண்டர் அகலம், 80 மி.மீ., நம்முடையது 73. பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் ஒன்றே. எரியறை பெரிதாக இருப்பதால் அப்படியே மாட்டினால் கம்ப்ரஷன் இறங்கிவிடும், ஃபேசிங் போட்டு, அதாவது ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி, எரியறையைச் சின்னதாக்க வேண்டும், அப்புறம் பெரிய வால்வு சின்ன போரின் ஓரத்தில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், இடித்தால் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கில் குழி வெட்ட வேண்டும். ஈரோட்டு நண்பர் ஒருவரின் காரில் இந்த ஹெட்டோடு திம்பம் மலைப்பாதை ஏறியிருக்கிறேன். நேர் ரோட்டில் ஓட்டம் அருமை, கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் கிளம்பும்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரே தடவைதான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். பழைய ஹெட்டில் சீட் தனியாகக் கிடையாது, ஹெட் இரும்பிலேயே கடைந்திருப்பார்கள். ஈயம் இருந்தவரை சீட் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காத்தது. அது இல்லாதபோது, புகையை வெளியே விடும் சூடான எக்ஸாஸ்ட் வால்வு, சீட்டில் ஒட்டி ஒட்டிப் பிரிந்து இரும்பைத் துகள் துகளாகப் பிய்க்கும். வால்வு உள்ளே இறங்கும், டேப்பெட் இடைவெளி (வால்வு தண்டுக்கு மேலே விடும் சின்னச் சந்து) தானாகக் குறையும், கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் கருகும். டேப்பெட் சத்தம் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

கெட்டி சீட் அடித்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. கணபதி பக்கம் பம்ப்செட்டுக்கும் டிராக்டருக்கும் வேலை செய்யும் பட்டறைகளுக்கு இது அன்றாட வேலை. நான் கொடுத்த பட்டறைக்காரர் நடுவில் இருக்கும் இரண்டு எக்ஸாஸ்ட்டுகளையும் காட்டி, "ஏனுங்க, இந்த ரெண்டும் ஒரே வழியா வெளிய போகுது, சூடு பூரா இங்கதானுங்க, விரிசல் இருக்கான்னு பாத்துட்டுத்தான் சீட்டு வெப்பனுங்க" என்றார். பார்த்தார். சீட் பள்ளம் ஆழமாகப் போனால் தண்ணீர் அறை உடையும், அதனால் அளவாகக் கடைந்தார். வால்வு போட்டு போர்ட்டில் (ஹெட்டுக்குள் காற்றும் புகையும் போகும் வழி) மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தோம், ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. நாளைக்கு இதே ஹெட்டை மறுபடி பிரித்தாலும் அதே பட்டறை, அதே கேஸ்கெட்.

போர்ட்டை அகலப்படுத்தி பாலிஷ் போடச் சொல்லி நிறையப் பேர் கிளப்பிவிடுவார்கள். நான்கு சிலிண்டருக்கு, காற்று உள்ளே போகும் இன்டேக் வழி இரண்டே இரண்டு. ரொம்ப அகலமாக்கினால் மெதுவாகப் போகும்போது இழுவை செத்துவிடும். வார்ப்பு மேடுகளை மட்டும் தேய்த்துவிட்டேன்.

ஞாயிறு காலை அவினாசி ரோட்டில் விரட்டுவதற்கென்றே கார் வைத்திருப்பவருக்கு எம்.ஜி.பி. ஹெட் பிடிக்கும். பிளாக்கில் குழி வெட்டுவதற்கு முன் உதிரியாக ஒரு பிளாக் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.