பிரிண்டர் டிரைவர் தேடப் போய் 2,499 ரூபாய் போன கதை

போன வாரம் 2,499 ரூபாயைத் தொலைத்தேன். அதுவும் இறங்கவே இறங்காத ஒரு கோப்புக்கு.

நங்கநல்லூரில் வீடு. இரவு ஒன்பதரை மணி. மறுநாள் மகளுக்குத் தேர்வு, ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வேண்டும். லேப்டாப்பை ஃபார்மட் செய்திருந்ததால் பிரிண்டர் டிரைவர், அதாவது லேப்டாப் பிரிண்டரை இயக்கத் தேவையான மென்பொருள், இல்லை. பழைய டைரியில் அதற்கான முகவரியை எழுதி வைத்திருந்தேன். எஃப்டிபி என்று தொடங்கும் முகவரி; சர்வரிலிருந்து கோப்புகளை இறக்கும் பழைய முறை அது. முன்பெல்லாம் அதை பிரவுசரில் தட்டினாலே சர்வரில் இருக்கும் கோப்புகள் வரிசையாக வந்து நிற்கும். 2021-இலேயே குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அந்த வசதியை எடுத்துவிட்டன என்பது எனக்குத் தெரியாது. சரி என்று கூகுளில் தேடி, முதலில் வந்ததை அழுத்தினேன். அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். பெயருக்கு மேலேயே அப்படித்தான் போட்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

பிரிண்டர் படம், மாடல் நம்பர் போட ஒரு கட்டம், பெரிய நீலப் பொத்தான். அழுத்தியதும் பச்சைக் கோடு ஓடியது. 92 சதவீதத்தில் நின்றது. சிவப்பு எழுத்தில் 'பிழை', அதன் கீழே ஒரு போன் நம்பர்.

கூப்பிட்டேன். இந்தியும் இங்கிலீஷும் கலந்து பணிவாகப் பேசினார் ஒருவர். ரிமோட் செயலி ஒன்றைப் போடச் சொல்லி என் லேப்டாப்புக்குள் வந்தார். கணினியில் நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அதில் இருந்த சிவப்புக் குறிகளைக் காட்டி, எல்லாம் வைரஸ் என்றார். நன்றாக ஓடும் கணினியிலும் அந்தச் சிவப்புக் குறிகள் இருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. யுபிஐ-யில் 2,499 அனுப்பினேன். அடுத்து மூன்று வருட லைசென்ஸ் என்று 4,999 கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வந்தான். அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வைஃபையை அணைத்தான். அப்புறம் பொத்தானை அழுத்தினான். நெட்டே இல்லை, கோடு மட்டும் ஜோராக ஓடி 92-இல் நின்றது!

"மாமா, இது வெறும் பொம்மை. கன்ட்ரோல் ஜே அழுத்திப் பாருங்க."

அழுத்தினேன். பிரவுசரின் டவுன்லோடு பட்டியலில் அன்றைய தேதியில் இருந்தது அந்த ரிமோட் செயலி மட்டும்தான். டிரைவர் என்று ஒன்றுமே இல்லை. நிஜமாக ஒரு கோப்பு இறங்கினால் அது இந்தப் பட்டியலில் வரும். எத்தனை எம்பி வந்திருக்கிறது, எந்தத் தளத்திலிருந்து என்பதும் தெரியும். பக்கத்துக்குள் ஓடும் கோட்டை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். அவன் பிரிண்டரை யுஎஸ்பி வயரில் செருகினான், விண்டோஸே டிரைவரைத் தேடிப் போட்டுக்கொண்டது. ஒரு பைசா செலவில்லை.

ரிமோட் செயலியை நீக்கி, பாஸ்வேர்டுகளை மாற்றி, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். பணம் போனதுமே கூப்பிட்டிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் வீணாக்கினேன். பணம் இன்னும் வரவில்லை.

ஹால் டிக்கெட்டா? மறுநாள் காலை பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எடுத்தோம். பத்து ரூபாய்.