துறை சிம்போசியமா, பன்னாட்டுக் கருத்தரங்கா?

எம்.காம். படிக்கும் தங்கை போன வாரம் கேட்டாள்: "அண்ணா, வங்கிக் கடன் பற்றிய என் கட்டுரையை எந்த மேடையில் வாசிக்கலாம்?" சென்னையில் இதற்கு இரண்டு வழி உண்டு.

கல்லூரித் துறைகள் நடத்தும் சிம்போசியம் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். கட்டணம் குறைவு. முதல்முறை மேடை ஏறுகிறவர்களுக்கு நல்ல பழக்கம்.

பன்னாட்டுக் கருத்தரங்கில் முதலில் ஆய்வுச் சுருக்கத்தை ஏற்க வேண்டும், அப்புறம் முழுக் கட்டுரைக்கும் திருத்தம் கேட்பார்கள். நிதி, வணிகத் தரவு என்றால் அந்தத் திருத்தம்தான் பெரிய லாபம். ஒருமுறை ரிசர்வ் வங்கியின் இலவசத் தரவுத்தளத்திலிருந்து எண்களை எடுத்து அட்டவணை போட்டிருந்தேன். "பணவீக்கத்தைக் கழித்தீர்களா?" என்று மதிப்பாய்வாளர் ஒரே வரி எழுதினார். கழித்துப் பார்த்தால், வளர்ச்சி என்று நான் எழுதிய இரண்டு ஆண்டுகள் சரிவாக மாறின. அட்டவணையை முதலிலிருந்து போட்டேன்.

ஒரு எச்சரிக்கை. கட்டணம் கட்டினால் இதழில் வந்துவிடும் என்று சொல்லும் கருத்தரங்குகளும் உண்டு. நம்பகமான ஆய்விதழ்கள் எவை என்று சொல்லிவந்த கேர் பட்டியலை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஆகவே ஆசிரியர் குழுவையும் பழைய இதழ்களையும் நாமே பார்த்தாக வேண்டும்.

கல்வியில் செயற்கை நுண்ணறிவு என்ற தலைப்புக்கு மட்டும் சிம்போசியத்தையே சொல்வேன். அங்கே அரங்கு முழுக்க மாணவர்கள். அசைன்மென்டுக்குச் சாட்ஜிபிடியை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று மனம்விட்டுப் பேசுவார்கள்.

தங்கைக்குக் கருத்தரங்குதான். இன்றிரவே சுருக்கத்தை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.