சம்பளத்தோடு ஃப்ரீலான்ஸ் வருமானம்: வரியை ஆபீஸ் பிடிப்பதா, நாமே கட்டுவதா?

சம்பளத்துக்கு ஆபீஸ் வரி பார்த்துக்கொள்கிறது, ஃப்ரீலான்ஸ் பில்லுக்கு வாடிக்கையாளர் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்துவிட்டார், இனி என்ன பாக்கி என்று பலரும் நினைக்கிறார்கள். ஆபீஸ் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறது. வாடிக்கையாளர் தன் பில்லை மட்டும் பார்க்கிறார். வரித்துறை இரண்டையும் கூட்டுகிறது.

2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 12 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 11.25 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம். அதே ஆள் கட்டட வடிவமைப்பில் 4 லட்சம் வாங்கி, செலவுக் கணக்கு இல்லாமலே வரவில் பாதியை லாபமாகக் காட்ட விடும் 44ஏடிஏ பிரிவின்படி 2 லட்சத்தைக் காட்டினால் மொத்தம் 13.25 லட்சம். தள்ளுபடி அப்படியே போய்விடும். செஸ் சேர்த்து வரி 81,900 ரூபாய். டிடிஎஸ் 40,000 கழித்தால் பாக்கி 41,900. டிடிஎஸ் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ நின்றால் ஆண்டு முடியும் முன்பே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியாக வேண்டும். ஒரு வாடிக்கையாளரிடம் வாங்கியது ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் டிடிஎஸ்ஸே இருக்காது. சின்னச் சின்ன பில்லாகப் பலரிடம் வாங்குபவருக்குப் பாக்கி இன்னும் பெரிதாக நிற்பது இதனால்தான்.

இந்தப் பாக்கியை அடைக்க மூன்று வழி உண்டு.

ஆபீஸிடம் சொல்வது முதல் வழி. கூடுதல் வருமானத்தையும் அதில் பிடித்த டிடிஎஸ்ஸையும் படிவம் 12பிஏஏ-வில் எழுதிக் கொடுத்தால், அதையும் சேர்த்துச் சம்பளத்தில் பிடிப்பார்கள். தேதி நினைவு வைக்க வேண்டாம், செலான் வேண்டாம். ஆனால் ஜனவரியில் போய்ச் சொன்னால் மூன்று மாதச் சம்பளத்திலேயே மொத்தமும் போகும். வெளிவேலை பார்ப்பது ஹெச்ஆருக்குத் தெரிந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய விஷயம். வேலை ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கிறதா என்று முதலில் படித்துவிடுங்கள். இன்னொன்று: ஆபீஸ் தரும் ஃபார்ம் 16 சான்றிதழில் இந்தத் தொகை 'இதர வருமானம்' என்று வரும். ரிட்டர்னில் அதை அப்படியே விட்டுவிட்டுத் தொழில் வருமானத்திலும் காட்டினால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி.

அட்வான்ஸ் டாக்ஸாக நாமே கட்டுவது இரண்டாவது வழி. ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் 100. எல்லாம் அதுவரை கட்டியிருக்க வேண்டிய மொத்த விகிதம். இந்த நான்கு தேதிகளைப் பார்த்துத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். 44ஏடிஏ-வில் வருபவருக்கு இந்தத் தொல்லையே இல்லை. மார்ச் 15-க்குள் ஒரே தவணையாக முழுதும் கட்டினால் போதும்.

ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. மேலே சொன்ன 41,900-ஐ ஜூலையில் கட்டினால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாததற்கு 234பி பிரிவில் நான்கு மாத வட்டி 1,676 ரூபாய், தவணை தவறியதற்கு 234சி-யில் 419, ஆக 2,095. 44ஏடிஏ-வில் இல்லாதவருக்கு 234சி மட்டுமே பாக்கியில் சுமார் 5 சதவீதம் வரும். வட்டியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜூலையில் 41,900 கையில் இருக்குமா என்பதுதான் கவலை.

எங்கள் பரிந்துரை: 44ஏடிஏ பொருந்துமானால் இரண்டாவது வழி, யோசிக்கவே வேண்டாம். பொருந்தாமல், மாதாமாதம் ஒரே அளவு பணம் வந்து, ஆபீஸுக்குத் தெரிவதில் சிக்கலும் இல்லை என்றால் ஏப்ரலிலேயே ஆபீஸிடம் சொல்லிவிடுவது நிம்மதி.

44ஏடிஏ எல்லோருக்கும் கிடையாது. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டுமே. வரவு 50 லட்சம் வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை. உண்மைச் செலவு 90,000தான் என்றாலும் பாதி கழிகிறது. மேலே உள்ள உதாரணத்தில் இதனால் மட்டும் 17,160 ரூபாய் மிச்சம். செலவு பாதியைத் தாண்டினால் கணக்குப் புத்தகம் வைத்து அசல் லாபத்தைக் காட்டலாம், ஆனால் சம்பளமும் சேர்ந்து வரிவரம்பைத் தாண்டிவிடுவதால் ஆடிட் கட்டாயமாகிவிடும். ஆடிட்டர் கட்டணத்தையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த வழியானாலும் ரிட்டர்னுக்கு ஐடிஆர்-1 படிவம் கூடாது. 44ஏடிஏ-வுக்கு ஐடிஆர்-4, குறுகிய கால பங்கு லாபம் இருந்தால் ஐடிஆர்-3. தொழில் வருமானம் வந்துவிட்டால் பழைய வரி முறைக்கும் புதியதற்கும் ஆண்டுதோறும் மாறிக்கொள்ள முடியாது. அதற்கான படிவம் 10-ஐஇஏ கொடுத்துப் பழையதற்குப் போனவர் ஒருமுறை மட்டுமே புதியதற்குத் திரும்பலாம்.

பணம் கட்டும்போது ஆண்டைக் கவனியுங்கள். 2025-26 வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் '2026-27 வரி ஆண்டு' என்றால் அடுத்த ஆண்டு வருமானம். எண் ஒன்றுதான் என்று தவறானதைத் தேர்ந்தெடுத்தால், கட்டிய பணம் உங்கள் ரிட்டர்னில் வராது. மார்ச் 31 வரை அட்வான்ஸ் டாக்ஸ் 100, அதன்பின் சுய மதிப்பீட்டு வரி 300 என்ற குறியீட்டையும் சரிபார்த்துவிட்டு செலானைச் சேமித்து வையுங்கள்.